தண்ணீர் ஏறவில்லை

கள்ளக்குறிச்சியில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலில் கை முதலில் பழகுவது துடைப்பதற்குத்தான். பொண்ணு முகத்துப் பரு, மாப்பிள்ளை நெற்றி வியர்வை, மேடைக்குப் பின்னால் தொங்கும் ஒயர், தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே தலையை நீட்டும் சித்தப்பா என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவோம். மாநிறப் பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டச் சொல்லி அவள் அம்மாவே என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்பார். செய்து கொடுப்பேன். ஆல்பம் புரட்டுகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது வெளுத்த படம் என்று தெரியும், அதனால் அதற்காக இங்கே வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. அதே கையை ஏரிக்கும் மலைக்கும் கொண்டுபோய் என்னவெல்லாம் செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கிளம்புவோம். மருந்துக்கடைக்காரர் ஒருவர், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நண்பர், கல்லூரிப் பையன்கள், ஒரு கணக்கு வாத்தியார். விடியலில் ஏதாவது ஓர் ஏரி. வெயில் ஏறியதும் கச்சிராயபாளையம் போய்க் கோமுகி அணை. அங்கிருந்து மலைச்சாலையில் பெரியார் நீர்வீழ்ச்சி. நேரம் இருந்தால் வெள்ளிமலை, கரியாலூர் வரைக்கும். வழி காட்டுகிறவன் நான். எனக்குப் பறவை தெரியும் என்பதால் கிடைத்த பதவி இல்லை அது. 600 மில்லிமீட்டர் லென்ஸ் என்னிடம்தான் இருந்தது.

அந்த மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடியில் வெடித்துக் கிடந்த ஏரி இடுப்பளவு தண்ணீரோடு நிற்கும். கரைமேல் பனை, உள்வாயில் கருவேலம், தண்ணீருக்குள் கோரையும் அல்லியும். பொழுது விடிகிற நேரத்தில் தண்ணீர்மேல் பனி முழ உயரத்துக்குப் படுத்திருக்கும். கரையோடு கரையாக மண் நிறத்தில் உட்கார்ந்திருந்த மடையான் சட்டென்று வெள்ளை இறக்கையை விரித்துக் கிளம்பும்போதுதான் அங்கே ஒரு பறவை இருந்ததே தெரியும். நத்தைகுத்தி நாரைகள் நடவு வயலுக்கும் ஏரிக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். வடக்கிலிருந்து வந்து சேர்ந்த தகைவிலான்கள் மின்கம்பியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகளின் கூடுகள், பாதி முடிந்தவையும் முழுதாக முடிந்தவையுமாகத் தொங்கும். ஆண் குருவி தலைக்கவசம் மாதிரிப் பாதி பின்னி நிறுத்திவிட்டு, பெண் குருவி வந்து பார்த்துச் சம்மதித்த பிறகுதான் மீதியைப் பின்னும். கரும்புக் காடு சூழ்ந்த ஊர் என்பதால் நார் கிழிக்க எங்கள் குருவிகளுக்குத் தோகைப் பஞ்சமே கிடையாது. கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி. அது நிரம்பப் போகிறது என்ற செய்தி வந்தால் டீக்கடையில் வேறு பேச்சு இருக்காது.

இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும் எனக்குப் போதவில்லை.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி. பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. அடிவாரத்தில் முட்புதர்க் காடு, 400 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை இலையுதிர் காடு, உச்சியின் மடிப்புகளில் சோலை. இலையுதிர் காடு என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று நம்பி ஐப்பசியில் வந்தால் ஓர் இலைகூட உதிராது. குளிர் நாடுகளில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் சிதைகிறது, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது, சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. ஜப்பானின் மேப்பிள் சிவப்பதும் காஷ்மீரின் சினார் மரம் பழுப்பதும் அப்படித்தான். எங்கள் மலையில் மரங்கள் இலையைக் கொட்டுவது குளிருக்குப் பயந்து இல்லை, தண்ணீர் இல்லாமல். அது மாசி, பங்குனியில் நடக்கும். ஐப்பசியில் வேங்கையும் கருமருதும் வெக்காலியும் கடுக்காயும் மூங்கிலும் மழையில் குளித்துவிட்டுப் பச்சைப் பசேலென்று நிற்கும்.

பச்சையைப் படம் எடுப்பது கஷ்டம். எல்லாமே பச்சையாக இருந்தால் பார்க்கிற கண்ணுக்கு உட்கார இடம் கிடைக்காது. மேகம் விலகி ஒரே ஒரு கிளைமேல் வெயில் விழும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு வீடு திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. லைட்ரூம் மென்பொருளில் பச்சைக்கான பட்டையைப் பிடித்து மஞ்சள் பக்கம் இழுத்தேன், மஞ்சளை ஆரஞ்சுப் பக்கம் இழுத்தேன். பெரியார் நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு மூங்கில் வளைவு ஒரே நிமிடத்தில் கனடா ஆகிவிட்டது. ‘கல்வராயனில் இலையுதிர் காலம்’ என்று தலைப்புப் போட்டு வெளியே விட்டேன். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மூங்கில் எங்கேயாவது ஆரஞ்சு நிறத்தில் இருக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்காதது மட்டும் இல்லை, கிளம்பி வந்துவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பைக்கில் வந்த பையன்கள் மலைமேல் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். “சார், நீங்க போட்ட அந்த எடம் எங்க சார் இருக்கு? இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.” நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “நேத்து பெஞ்ச மழையில இலை எல்லாம் கொட்டிப்போச்சு தம்பி, அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வாங்க.” இலை பார்க்க வந்தவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் அருவிக்கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமும் அதே பட்டையை அதே பக்கம் இழுத்தேன். காரணம் பணம்தான். ஆரஞ்சுக் காட்டில் அவுட்டோர் ஷூட் வேண்டும் என்று ஜோடிகள் தேடிவந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறுமணிக்குருவி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக்கள்ளன் என்றும் அதைச் சொல்வார்கள். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். தரையில் சருகைக் கிளறிப் புழு தின்னும், காலையும் மாலையும் ஒரு பொழுது கூவும், கண்ணில் படுவது அபூர்வம். அதன் குரலைப் போனில் ஏற்றி, ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டேன். அத்தனை தூரம் பறந்து வந்து இப்போதுதான் ஓர் இடம் பிடித்த பறவை, போட்டிக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று வெளியே வந்து நின்றது. படம் நன்றாகத்தான் வந்தது.

இதெல்லாம் சில்லறை. மறைத்து வைத்திருந்தது வேறு.

2019 ஐப்பசி. விழுப்புரத்திலிருந்து பிரிந்து எங்கள் ஊர் தனி மாவட்டமாக நவம்பர் 26ஆம் தேதி தொடக்க விழாக் காணப்போகிறது என்று ஊரே பரபரப்பாக இருந்த நேரம். புது மாவட்டத்தின் இயற்கை வளம் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்கப்போவதாக ஒரு சங்கம் அறிவித்தது. முதல் பரிசுக்குக் கேடயம். எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. கல்யாண போட்டோகிராபர் என்றால் ஊரில் ஒரு இளக்காரம் உண்டு, அதை அந்தக் கேடயத்தால் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்காகப் படம் எடுக்கப் போன ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னசேலம் பக்கம் என்பது போதும். அங்கே இப்போதும் முக்குளிப்பான்கள் கூடு வைக்கின்றன.

அன்று கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலே வந்து சொன்னார். “குருவி படமா புடிக்கிறீங்க? அதோ, அந்தக் கோரையில முக்குளிப்பான் முட்ட வச்சிருக்கு தம்பி. எட்ட இருந்து பாருங்க.” எட்ட இருந்து என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தொடையளவு தண்ணீர். கூடு என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. அழுகிய பாசியும் கோரைத் தண்டும் குவிந்த ஈரக் குப்பை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. முக்குளிப்பானுக்குக் கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருக்கின்றன. முங்குவதற்கும் நீந்துவதற்கும் அது தோது, தரையில் நாலடி நடக்கத் தோதில்லை. அதனால் கூட்டையும் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, நகர்ந்து போகாதபடி கோரையோடு சேர்த்துப் பின்னி வைக்கிறது. ஆள் வருவது தெரிந்தால் ஆர்ப்பாட்டம் பண்ணாது. பக்கத்தில் இருக்கும் பாசியை அலகால் இழுத்து முட்டைமேல் போட்டு மூடிவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவிவிடும். எங்கோ தள்ளிப்போய்த் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கும். பறந்துபோகும் காகத்துக்கும் வட்டமிடும் பருந்துக்கும் கீழே தெரிவது குப்பை மட்டும்தான்.

என் கேமராவுக்கும் குப்பைதான் தெரிந்தது. குப்பைக்கு யாரும் கேடயம் கொடுக்கமாட்டார்கள். பறவை மூடிவிட்டுப் போனதைக் கையால் ஒதுக்கித் திறந்தேன்.

உள்ளே முட்டைகள். முதலில் இட்டது பாசிக் கறை ஏறி மரநிறமாகியிருந்தது, கடைசியாக இட்டது இன்னும் ஏறக்குறைய வெள்ளை. எத்தனை நாள் இடைவெளியில் எது எதற்குப் பிறகு வந்தது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம் போலிருந்தது. உண்மையிலேயே அழகு. முன்னால் நின்ற கோரை வெளிச்சத்தை மறைத்தது, மடக்கி ஒடித்தேன். படம் எடுத்து முடித்ததும் கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டேன். வழிகாட்டி கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? ஒவ்வொருவராக இறங்கி வந்து, முறை வைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் “பாவம் சார், சீக்கிரம் போயிடலாம்” என்றார். இன்னும் ரெண்டு நிமிஷம் என்றேன். வெயில் ஏறும்வரை நின்றோம். பறவை அவ்வளவு நேரமும் தூரத்தில் தலையை நீட்டுவதும் முங்குவதுமாக இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

போகும்போது நாலு இழை பாசியை எடுத்து மேலே போட்டேன். பறவை மூடுகிற மாதிரி எனக்கு மூடத் தெரியாது. கற்றுக்கொள்ள நிற்கவும் இல்லை. கச்சிராயபாளையத்தில் இட்லி தீர்ந்துவிடும் என்று கிளம்பிவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் தனியாகத் திரும்பப் போனேன். முட்டைக்கு என்ன ஆயிற்று என்ற கவலையில் போனதாகச் சொன்னால் நன்றாக இருக்கும். போனது மஞ்சள் வெயிலில் இன்னொரு படம் எடுக்க. கூடு காலியாக இருந்தது. ஓட்டுச் சில்லு ஒன்று கோரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் ஆடுகளோடு கரையில்தான் இருந்தார்.

“காக்கா பூந்துடுச்சி தம்பி. நீங்க போன கொஞ்ச நேரத்துலயே வந்துட்டுது. கோரைய ஒடிச்சி வழி வுட்டுட்டீங்க இல்ல?”

நான் பேசாமல் நின்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அதுதான் மூடி வச்சிட்டுத்தான போச்சி, அத ஏன் தொறந்தீங்க? அந்தப் படம் எதுக்கு தம்பி?” என்று கேட்டார்.

“புது மாவட்டத்துக்குங்க ஐயா” என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அடுத்த ஞாயிறு மருந்துக்கடைக்காரர் கேட்டார், குஞ்சு பொரித்துவிட்டதா என்று. “தண்ணி ஏறிடுச்சி சார், கூடு முழுகிப் போச்சி” என்றேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பொய்யில் ஓர் ஓட்டை இருந்தது. அது மிதக்கும் கூடு, தண்ணீர் கொஞ்சம் ஏறினால் கூடும் கூடவே ஏறும். யாருக்கும் அது தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் என்னை ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் எங்களோடு நடக்க வருவதை நிறுத்திக்கொண்டார்.

கண்காட்சிக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு வரி இருந்தது. எந்த உயிரினத்துக்கும் கூட்டுக்கும் இடையூறு செய்யாமல் எடுத்த படம் என்று உறுதி கூற வேண்டும். கையெழுத்துப் போட்டேன். ‘புது வரவு’ என்று தலைப்பும் வைத்தேன், அந்த முட்டைகளிலிருந்து எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகு. தை மாதம் மேடையில் கேடயம் வாங்கினேன். ஸ்டுடியோவில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன்.

1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று விளக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, இரண்டாவது பிரிவில் பதினாறாவது உட்பிரிவு. கொல்வது, பிடிப்பது, விஷம் வைப்பது ஆகியவற்றோடு காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அதில் சேர்த்தி. படிக்க நேர்ந்தபோது ஊரடங்கு, தொழில் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்வராயன் மலையில் முயலுக்குக் கண்ணி வைத்தவன் சிக்கினால் அவன் போட்டோ பேப்பரில் வரும், தரையில் முயல், பின்னால் வனத்துறையினர், நடுவில் தலைகுனிந்து அவன். அவன் வீட்டில் அன்று குழம்புக்கு ஏதாவது இருந்திருக்குமோ என்னவோ. நான் சட்டப்படி அதே காரியத்தைச் செய்துவிட்டு மாலை போட்டுக்கொண்டேன்.

நியாயம் தேடாமல் இல்லை. நிறையத் தேடினேன். உலகத்தில் பெரியவர்களே செய்கிறார்களே என்பது முதல் நியாயம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய படம், வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய். பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து பரிசைப் பறித்தார்கள். அதே போட்டியில் 2017இல் பரிசு வாங்கிய இன்னொரு படத்தில் இருந்த எறும்புதின்னி, பாடம் செய்த பொம்மை மாதிரியே இருக்கிறது என்று 2018இல் தூக்கினார்கள். அந்தச் செய்தியை நண்பர்களுக்கு அனுப்பி, “பொம்மைய வெச்சி ஏமாத்தியிருக்கான் பாரு” என்று சிரித்தவன் நான். அப்போது எதிரே இருந்த திரையில் மூங்கிலை ஆரஞ்சாக்கிக்கொண்டிருந்தேன்.

மா. கிருஷ்ணனையும் துணைக்கு இழுத்தேன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அவர், கேமராப் பாகங்களைத் தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்டு காட்டுக்குள் போனவர், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தவர். அவரே நிறத்தை எடுத்துவிட்டாரே, நான் நிறத்தை மாற்றினால் என்ன தப்பு? இந்த வாதத்தை ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு யானை சாம்பல் நிறக் காட்டில் வாழ்கிறது என்று நம்பி யாரும் பைக் எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதும் தெரியும். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என் அலமாரியில் இருக்கிறது. நீண்ட நாள் அதைப் புரட்டாமலே அவர் பெயரைப் பேசியிருக்கிறேன்.

கூட்டைத் திறந்ததும் காட்டுக்குச் சாயம் அடித்ததும் போதாதென்று இன்னொன்றும் செய்து வந்திருக்கிறேன். அதை நானாக உணரவில்லை, இன்னொருவர் கேட்டுத்தான் தெரிந்தது.

2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். என் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் அந்தத் தெருக்களில் உண்டு. சாவுக்கு வைக்க அதே ஆல்பத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கேட்டு வந்தார்கள், அந்த வாரம் முழுக்க அந்த வேலைதான். அதன் பிறகு பேச்சு கல்வராயன் மலை பக்கம் திரும்பியது. சாராயம், ரோடு, ஆஸ்பத்திரி, பிழைப்பு என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். மலைவாழ் மக்களின் நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்போது பத்திரிகையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். “நீங்கதான் வருஷா வருஷம் மேல போறீங்களே, மலை ஜனங்க படம் இருந்தா குடுங்க. நடக்கிறது, வெவசாயம், பள்ளிக்கூடம், எதுன்னாலும் சரி.”

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். மலைப் படங்கள் கணக்கில்லாமல் இருந்தன. ஆள் இல்லை.

அவர்கள் எதிரே வராமல் இல்லை. விறகுச் சுமையோடு வந்த பெண்கள் சட்டகத்தைவிட்டு நகரும்வரை நானே காத்திருந்திருக்கிறேன். கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறவர்கள், சாமைக் காட்டில் குனிந்து நிற்கிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு மழையில் சாக்குப்பையைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நடந்து வரும் பிள்ளைகள், எல்லோரையும் “கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா”, “ஓரமா போங்கப்பா” என்று கையாட்டி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் கல்யாண மண்டபத்தில் தள்ளி நிற்கிற மாதிரியே தள்ளி நின்றார்கள். மீறிச் சிக்கியவர்களை ராத்திரி கம்ப்யூட்டரில் துடைத்தேன். கம்பியும் போனது, தகரக் கூரையும் போனது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்து, நாடு விடுதலை பெற்று முப்பது வருடம் நெருங்கும்போது 1976இல்தான் நேரடியாக அரசின் கீழ் வந்த மலை அது. அங்கே இருக்கிறவர்கள் வெளியே தெரிவதற்கே அவ்வளவு காலம் ஆயிற்று. என் படத்திலோ மனிதன் கால்படாத காடு.

நண்பர் கடைசியில் பழைய படம் ஒன்றைப் போட்டுக்கொண்டார். போலீஸ்காரர்கள் நீல பிளாஸ்டிக் பேரலைக் கவிழ்த்து ஊறலைத் தரையில் கொட்டும் படம். கல்வராயன் மலை என்று தேடினால் இந்த இரண்டு வகைதான் அதிகம் கிடைக்கும். ஒன்று அந்தப் பேரல், மற்றது ஆள் இல்லாத அருவி. இரண்டாவது வகையில் கணிசமானது நான் கொடுத்தது.

திருந்திவிட்டேன் என்று முடிக்க முடியாது. போன கார்த்திகையில் கோமுகி அணையில் எடுத்த படத்தில் கரையோரம் கிடந்த தெர்மாகோல் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே விட்டேன். பழக்கம். மூங்கிலை மட்டும் பச்சையாகவே விடுகிறேன், அதற்குக் கிடைக்கிற வரவேற்பு முன்பு கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அது எனக்கு இன்னமும் வலிக்கிறது. ஆரஞ்சுப் படங்களை எடுத்துவிட்டேன், ஆனால் ஊர் முழுக்கப் பரவியதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. போன வருடம் ஒரு நகைக்கடைக் காலண்டரில் அக்டோபர் மாதத்துக்கு அதைப் பார்த்தேன். கூட்டுப் பக்கம் போவதில்லை. அதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். கொரோனாவோடு அந்தச் சங்கம் கலைந்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பெரியவரைத் தேடி ஏரிக்கும் போனேன். ஆடுகளை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மிச்சம் இருப்பது அன்று காலை என்னோடு தண்ணீரில் இறங்கியவர்கள். அவர்களிடம் நான் இதுவரை வாய் திறக்கவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். உங்களை இறங்கச் சொன்னது நான், நீங்கள் நம்பி வந்தீர்கள். மழை ஒன்றும் செய்யவில்லை, முட்டை போனது நான் ஒடித்த கோரை வழியாக. அந்தப் படம் உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எந்தப் போட்டிக்கும் அனுப்பாதீர்கள், பிள்ளைகளுக்குக் காட்டி நாங்களே கிட்டப்போய் எடுத்தோம் என்று சொல்லாதீர்கள். கணக்கு வாத்தியாரின் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.